கண்ணுக்குள் ஓர் அழுத்தம்

இரத்த அழுத்தத்தைப் பற்றி அறியாத இல்லம் நம் பேட்டைகளில் இல்லை. கண்ணுக்குள்ளும் ஓர் அழுத்தம் உண்டு என்பதை அறிந்தோரோ சிலரே.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஓயாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வெளியேற்றம் குறைந்தால் அழுத்தம் உயரும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பெனக் கொள்வர். மிகுந்த அழுத்தம் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கக்கூடும். அதுவே குளுக்கோமா எனும் கண்ணழுத்த நோய். பெரும்பாலும் வலி இராது. முதலில் பக்கப் பார்வையே குறைவதால், நாளிதழைத் தெளிவாகப் படிப்பவருக்கும் ஐயம் எழுவதில்லை. கண்புரையை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். இந்நோயால் இழந்த பார்வையோ மீள்வதில்லை.

இது நகரத்தார் நோயா, கிராமத்தார் நோயா? 2001 முதல் 2004 வரை சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோரை ஆராய்ந்தனர். இந்நோயின் திறந்த கோண வகை கிராமங்களில் நூற்றுக்கு 1.62 பேருக்கும், சென்னை நகரில் 3.51 பேருக்கும் இருந்தது. ஆனால், இரு இடங்களிலும் நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தம் நோயை அறியாதிருந்தனர். சிங்கப்பூரிலும் 1997-98இல் தஞ்சோங் பகார் வட்டாரச் சீனரிடையே நடந்த ஆய்வில், நாற்பது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு மூவர் அளவில் இந்நோய் காணப்பட்டது. எவ்வினத்தாரும் இதற்கு விலக்கல்லர்.

எவர் விழிப்பாக இருத்தல் வேண்டும்?

வயது முதிர்ந்தோர், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளவர், மிகுந்த கிட்டப்பார்வை உடையோர், நீரிழிவுடையோர், ஸ்டீராய்டு மருந்தை, குறிப்பாகக் கண் சொட்டு மருந்தாக, நெடுநாள் பயன்படுத்துவோர்.

எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது மட்டும் போதாது. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு நலிவதுண்டு. ஆகவே நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடினால், தேக்காவுக்கு அண்மையிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனை, 1990இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் போன்றவற்றுக்குத் தேவைக்கேற்ப அனுப்புவர். திடீரெனக் கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சொட்டு மருந்து தரப்பட்டால், பார்வை நன்றாயிருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். அம்மருந்து இழந்ததை மீட்பதற்கன்று, இருப்பதைக் காப்பதற்கு. நோய் உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் ஊரில் இருப்பினும், உடனே சொல்லிவிடுவோம். அவர்கள் கண்ணையும் நாம் காத்தவராவோம்.