உறக்கத்தில் உரசும் பற்கள்: அன்றும் இன்றும்

தூக்கத்தில் பிள்ளை பல்லை நறநறவென்று கடித்தால், "வயித்துல பூச்சி இருக்கு" என்று நம் வீடுகளில் உடனே முடிவாகிவிடும். மறுநாள் வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து உருண்டை இறங்கும். பெரியவர் கடித்தால் அதுவும் கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவர் தோளைத் தட்டித் திரும்பிப் படுக்கச் சொல்வதோடு சரி. கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்து, தண்ணீர் பட்டாலே கூசும் நிலை வந்தாலும், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டார்கள்.

பூச்சிக்கும் பல் கடிப்புக்கும் தொடர்பு உண்டென்று இதுவரை உறுதியாகவில்லை. பூச்சி மாத்திரை வயிற்றுக்கு நல்லது. அதை நம்பிப் பல்லை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர இந்தப் பழக்கம் தானே போய்விடுகிறது. பெரியவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 8 பேரிடம் இது இருக்கிறது.

மருத்துவர்களும் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் அலைந்திருக்கிறார்கள். 1901இல் வியன்னாவின் கரோலி, பல் கடிப்பை ஈறு நோயோடு சேர்த்து எழுதினார். 1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டு, தாடைத் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து பார்த்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகப் பொருந்தாததே தூண்டுகோல் என்றார். அந்தக் கருத்து வேரூன்றியது. இடிக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, நல்ல பல்லையே ராவிச் சமன்செய்வது பல ஆண்டுகள் வைத்தியமாக இருந்தது. எனாமல் போனால் போனதுதான், மறுபடி வளராது. தேய்வைத் தடுக்க நினைத்த கைகளே பல்லைக் குறைத்தன என்பது வருத்தமான வரலாறு.

பார்வையை மாற்றியவை உறக்க ஆய்வுக்கூடங்கள். மான்ட்ரியலில் லவீன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இரவெல்லாம் பதிவெடுத்துப் பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. முதலில் மூளை சில நொடிகள் அரைகுறையாக விழிக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. அதன் பிறகே தாடைத் தசை இறுகுகிறது. பல்லோடு பல் உரசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. தொடக்கம் மூளையில் இருக்கும்போது பல்லை ராவி எதை நிறுத்த முடியும்? அதனால்தான் இன்று வைத்தியத்தின் முதல் நோக்கம் பல்லைக் காப்பாற்றுவது. ஸ்பிளின்ட் என்றும் நைட் கார்டு என்றும் சொல்லப்படும், பல்லின் மேல் மாட்டும் உறை அதற்குத்தான்.

அந்த உறையைச் செய்யும் விதமும் மாறியிருக்கிறது. முன்பு வாய் நிறைய ஆல்ஜினேட் பசையை வைத்து அளவெடுப்பார்கள். பலருக்குக் குமட்டிக்கொண்டு வரும். பிளாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகில் வடித்து, லேபில் அக்ரிலிக்காக மாற்றி வர நாளாகும். இப்போது பல மருத்துவமனைகளில் பேனா போன்ற ஸ்கேனரை வாய்க்குள் ஓட்டியே அளவெடுக்கிறார்கள்; கணினியில் வடிவமைத்து அச்சிடுகிறார்கள். மாறாதது கடைசி வேலை. உறையை மாட்டி, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அதிகம் அழுந்தும் இடங்களை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்கிறார். எல்லாப் பற்களும் ஒரே சீராகப் படும்வரை அந்த வேலை முடியாது.

கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மென்மையான உறை மலிவுதான். ஆனால், அதில் இந்தச் சரிபார்ப்பு இல்லை. 1987இல் ஓக்கிசன் என்ற பல் மருத்துவர் 10 பேரிடம் சோதித்தபோது, கெட்டியான உறை 8 பேருக்குத் தசை இறுக்கத்தைக் குறைத்தது. மென்மையான உறை 5 பேருக்கு அதைக் கூட்டியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், வாங்குமுன் யோசிக்க வைக்கிறது.

உறை போட்டுவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 2007இல் வந்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மறுஆய்வு, இருந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, உறை பல் கடிப்பைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று போதாது என்றது. பல் தேய்வைக் குறைக்க உதவலாம் என்றது. இதை நோயாளியிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்ல மருத்துவம்.

கடிப்பதற்கான காரணம் வேறெங்கோ இருக்கலாம். மனக்கவலை, மாலைக்குப் பிறகு குடிக்கும் காபி, மது, புகை, சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் இதைக் கூட்டக்கூடும். மருந்தை நாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் பேச வேண்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அத்தகையவர்களில் சிலருக்கு மேல் தாடை உறை மூச்சுத் தடையை அதிகமாக்கலாம்.

ஆகவே, அளவெடுக்கும் முன் "எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். இரவில் நம் பல் கடிப்பைக் கேட்பவர் பக்கத்தில் படுப்பவர்தான் என்பதால், அவரையும் கூட்டிப்போவது நல்லது. தேய்ந்த பல்லை வயதின் கணக்கில் எழுதிவிட இனிக் காரணமில்லை.