கேமரா பார்க்கும் திசையும் கை போகும் திசையும்

சைனஸ் அறைகளின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் அந்தப் போக்கைப் பல ஆண்டுகள் கவனித்தார். கன்னத்துச் சைனஸின் அடியில் வசதியாக ஒரு துளை போட்டுக் கொடுத்தாலும், சளி அதைத் தாண்டி, மேலே இருக்கும் இயற்கையான சிறு வாயிலைத் தேடியே ஏறுகிறது! அப்படியானால் அடைப்பை நீக்க வேண்டிய இடம் அந்த வாயில்தான். அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளோ கண்குழியை ஒட்டியும் மூளைக்கு நேர் கீழேயும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மூளையைத் தாங்கும் எலும்பு அங்கே சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் கத்தி வைக்க இளம் மருத்துவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு அறுவை செய்த காலத்தில் மூக்கின் உட்புறம் ஒருவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்; அருகில் நிற்பவர் ஊகிக்கத்தான் முடியும். மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயில் கேமரா பொருத்தியபின் ஆசிரியரும் மாணவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். ஆனால் திரை தட்டையானது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் குழாயின் நுனி 30, 70 டிகிரி சாய்ந்தும் பார்க்கும். கண் ஒரு திசையில், கை வேறு திசையில். ஆட்டுத் தலையிலும் சடலங்களிலும் பழகித்தான் இரண்டும் இணங்கி வருகின்றன.

கைப்பழக்கத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பீட்டர் ஜான் வார்மால்டு அதை முறைப்படுத்தினார். சி.டி. ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு எலும்பறையையும் ஒரு கட்டையாகக் கொண்டு, குழந்தைகள் கட்டை அடுக்குவதுபோல் மாணவர் அடுக்கிப் பார்க்க வேண்டும். நெற்றிச் சைனஸின் சளி எந்தச் சந்து வழியே இறங்குகிறது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு உள்ளே போய்ச் சரிபார்க்கலாம். ஆளுக்கு ஆள் இந்த அறைகள் மாறுவதால் மனப்பாடம் இங்கே உதவாது. எனக்குத் தெரிந்து, உடற்கூறியலைக் கற்பிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

மிக அரிதாக நடப்பதைக் கற்பிப்பதுதான் பெரும்பாடு. மூக்கின் பின்கோடியில் உள்ள சைனஸின் பக்கச் சுவரை ஒட்டி, மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் நொடியில் திரை முழுக்கச் சிவந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறைகூட இதைக் காணாத மருத்துவர் எத்தனையோ பேர். கண்டவருக்கு யோசிக்க நேரமிருக்காது. அடிலெய்டில் மயக்க மருந்து கொடுத்த செம்மறியாட்டின் கழுத்துத் தமனியைச் செயற்கை மூக்கு ஒன்றுக்குள் பொருத்தி, வேண்டுமென்றே கீறிவிட்டு, ரத்தப்போக்கை அடக்கும்படி பயிற்சி மருத்துவர்களிடம் சொன்னார்கள். இருவராகச் செயல்பட வேண்டும்: ஒருவர் ரத்தத்தை உறிஞ்சிப் பார்வையைக் காக்க, மற்றவர் நசுக்கிய தசைத்துண்டைக் கிழிசலின் மேல் வைத்து அழுத்துகிறார். எது ரத்தத்தை நன்றாக நிறுத்துகிறது என்பதையும் அதே ஆடுகள்தான் காட்டின. மற்றவற்றைவிட அந்தத் தசைத்துண்டே சிறப்பாக வேலை செய்தது.

பிற்பாடு அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சடலத்தின் தமனிக்குள் செயற்கை ரத்தத்தைப் பம்ப் வைத்து ஓட்டி இதே பயிற்சியை நடத்தினார்கள். அங்கே உண்மையான மனித மூக்கு கிடைக்கிறது. ஆட்டின் உயிரும் தேவைப்படுவதில்லை.