பொழுதுபோக்குப் படகுகளை நிறுத்தி வைக்கும் முறைகள்

பொழுதுபோக்குப் படகு என்பது வருமானத்திற்காக அன்றி, உல்லாசப் பயணம், தூண்டில் மீன்பிடிப்பு, நீர் விளையாட்டு போன்றவற்றுக்காகத் தனியார் வைத்திருக்கும் படகு ஆகும். இத்தகைய படகு ஆண்டின் பெரும்பகுதி ஓடாமலேயே நிற்கிறது. ஓடுகையில் மூழ்கும் படகுகளைவிடக் கட்டிவைத்த இடத்திலேயே மூழ்கும் படகுகளே அதிகம். எனவே படகை எங்கே, எப்படி நிறுத்துவது என்பது வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யத்தக்கது அன்று. அந்த ஊரில் படகைக் கெடுப்பது எது என்பதை முதலில் அறிய வேண்டும். அமெரிக்காவில் குளிர் மிகுந்த பேரேரிகள் பகுதியும், வெப்பமும் சூறாவளியும் கொண்ட புளோரிடா மாநிலமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

நிற்கும் படகைக் கெடுப்பவை

நீர்: கண்ணாடியிழைப் படகின் வெளிப்பூச்சு முற்றிலும் நீர் புகாதது அன்று. தொடர்ந்து நீரிலேயே நின்றால் நீர் மெல்ல ஊடுருவி, பூச்சின் அடியில் கொப்புளங்களை உண்டாக்கும்.

அரிப்பு: வெவ்வேறு உலோகங்கள் நீரில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது அவற்றுள் ஒன்று மின்வேதி முறையில் அரிக்கப்படுகிறது. இதைத் தடுக்க, தாம் அரிபட்டுப் பிற பாகங்களைக் காக்கும் உலோகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். கடல்நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியமும், நன்னீருக்கு மக்னீசியமும் ஏற்றவை.

உயிரினங்கள்: கடலில் நிற்கும் படகின் அடியில் பாசியும், கொட்டலசு எனப்படும் ஓடுடைய சிற்றுயிரிகளும் ஒட்டி வளரும். இதனால் வேகம் குறைந்து எரிபொருள் செலவு கூடும். இவற்றைத் தடுக்கும் நச்சுப் பூச்சுகளும் தீங்கற்றவை அல்ல. டிரைபியூட்டைல்டின் கலந்த பூச்சு சிப்பிகளைப் பாதித்ததால், 1982-இல் பிரான்சு அதைச் சிறு படகுகளுக்குத் தடை செய்தது. இத்தகைய பூச்சுகளைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

வெயில்: புற ஊதாக் கதிர்கள் பூச்சை மங்கச் செய்து, இருக்கை உறைகளையும் கயிறுகளையும் நைந்துபோகச் செய்யும்.

உறைபனி: நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடைகிறது. எந்திரத்தில் தங்கிய சிறிதளவு நீரும் உறைந்தால் வார்ப்பிரும்புப் பகுதியைப் பிளந்துவிடும்.

முக்கிய முறைகள்

மெரினாவில் கட்டுதல்: நினைத்தபோது புறப்படலாம் என்பதே இதன் பெரும் வசதி. ஆனால் படகின் அடியில் சேரும் மழைநீரையும் கசிவுநீரையும் வெளியேற்றும் பம்பு மின்கலத்தையே நம்பியுள்ளது. மின்கலம் தீர்ந்தால் படகு மூழ்கும். ஆகவே அடிக்கடி சென்று பார்க்கக்கூடியவருக்கே இது பொருந்தும்.

படகுத் தூக்கி: துறையருகே மின் பொறியால் படகை நீர்மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைக்கும் அமைப்பு. அடிப்பகுதி உலர்ந்திருக்கும், வெயிலும் புயலும் மட்டும் மிஞ்சும்.

டிரெய்லரில் வைத்தல்: சிறு படகுகளுக்கு மிகவும் மலிவான வழி. வீட்டு வளாகத்திலேயே நிறுத்தலாம். டயர், பேரிங் ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டும். திருட்டுக்கு எதிராகப் பூட்டும் தேவை.

அடுக்குக் கிடங்கு: பெரிய ஃபோர்க்லிஃப்ட் வண்டி படகை எடுத்துப் பல தட்டுகள் கொண்ட அடுக்கில் வைக்கும். முன்கூட்டிச் சொன்னால் நீரில் இறக்கித் தருவர். மிகப் பெரிய படகுகளுக்கும் பாய்மரப் படகுகளுக்கும் இது பெரும்பாலும் உதவாது.

மூடிய கூடம்: மழை, வெயில், பனி மூன்றிலிருந்தும் காக்கும். வாடகை அதிகம்.

பேரேரிகள் பகுதியில்

மிச்சிகன் போன்ற மாநிலங்களில் குளிர்காலத்திற்கு முன் பெரும்பாலான படகுகளைக் கரையேற்றுகின்றனர். எந்திரத்திலும் குழாய்களிலும் உள்ள நீரை வடித்து, உறைதடுப்பு நீர்மம் ஏற்றுவர். குடிநீர்க் குழாய்களில் நச்சுத்தன்மை குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் மட்டுமே பயன்பட வேண்டும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. மின்கலத்தை முழுவதும் மின்னேற்றி வைக்க வேண்டும். தீர்ந்த மின்கலம் எளிதில் உறையும். மேலே போர்த்தும் உறையில் காற்றோட்ட வழி இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். உறையின் கயிற்றைத் தாங்குகால்களில் கட்டக் கூடாது. காற்றில் உறை அசைந்து கால் நழுவினால் படகே சாய்ந்துவிடும்.

இங்கு இன்னொரு கடமையும் உண்டு. 1988-இல் இப்பகுதியில் கண்டறியப்பட்ட சீப்ரா மட்டி என்ற அயல் உயிரினம், படகுகளில் ஒட்டி வேறு ஏரிகளுக்கும் பரவியது. ஆகவே படகை ஓர் ஏரியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் முன் கழுவி, நீரை வடித்து, உலர்த்த வேண்டும்.

புளோரிடாவில்

அமெரிக்காவில் மிக அதிகமாகப் படகுகள் பதிவாகியுள்ள மாநிலம் இது. இங்கு படகுக்குப் பகை உறைபனி அன்று. வெயில், உப்புநீர், சூறாவளி ஆகியவையே. 1992-இல் ஆண்ட்ரூ, 2022-இல் இயன் ஆகிய சூறாவளிகளில் ஏராளமான படகுகள் சேதமடைந்தன. புயற்காலத்தில் நீரில் கட்டிய படகைவிட, கடலேற்றம் எட்டாத மேட்டுநிலத்தில், தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டைகளால் இறுக்கிய படகு பிழைக்க வாய்ப்பு அதிகம். கிடங்கைத் தேர்ந்தெடுப்பவர் அக்கட்டடம் எவ்வளவு காற்றைத் தாங்க வடிவமைக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

உயிர்ப் பாதுகாப்பு

மெரினாவில் கரையிலிருந்து படகுகளுக்கு மின்சாரம் தரப்படுகிறது. பழுதான வயரிங்கால் அது நீரில் கசியலாம். நன்னீர் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்துவதால், உடலில் உப்புள்ள மனிதர் வழியாக மின்னோட்டம் எளிதில் பாயும். தசைகள் செயலிழந்து நீந்துபவர் மூழ்கிவிடுவார். இதனால் சிறுவர் உட்படப் பலர் இறந்துள்ளனர். மின்சாரம் உள்ள மெரினாவில் ஒருபோதும் நீந்தக் கூடாது.

தேர்வு செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. ஆண்டில் எத்தனை முறை படகு பயன்படும்? வாரந்தோறும் எனில் நீரில் கட்டுவதோ தூக்கியோ பொருந்தும். எப்போதாவது எனில் கரையே நல்லது.
2. படகின் நீளம், எடை, பாய்மர உயரம் அவ்விடத்திற்குப் பொருந்துமா?
3. உறைபனி, சூறாவளி, உப்புநீர் ஆகியவற்றுள் அங்கு எது முதன்மை?
4. தீ, திருட்டு, புயல் ஏற்பட்டால் யார் பொறுப்பு? பல ஒப்பந்தங்கள் இடத்தை மட்டுமே வாடகைக்குத் தருகின்றன. படகைக் காக்கும் பொறுப்பை ஏற்பதில்லை. எனவே காப்புறுதி அவ்விடத்தையும் உள்ளடக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.
5. உரிமையாளரால் அடிக்கடி வந்து பார்க்க முடியுமா? முடியாதெனில், நீரில் நிற்கும் படகுக்கு மலிவான வாடகை மலிவாக முடிவதில்லை.