உங்களுக்குத் தெரியுமா? யாரும் சேர்க்காத ரசாயனம்!

துணி துவைக்கும் லிக்விட் பாட்டிலை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ‘1,4-டையாக்சேன்’ என்ற பெயர் பெரும்பாலும் கண்ணில் படாது. அதை யாரும் சேர்ப்பதில்லை, தானாக உருவாகிறது. நுரை தரும் சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்றவற்றைத் தயாரிக்கும்போது, தோலை உறுத்தாமல் இருக்க எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்து வினைபுரியச் செய்வார்கள். அதில் கிளம்பும் துணை விளைபொருள்தான் டையாக்சேன். ‘நாங்கள் போட்டதில்லையே, ஏன் அச்சிட வேண்டும்?’ என்பது கம்பெனிகளுக்கு வசதியான வாதம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டையாக்சேனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ‘2பி’ பிரிவில் வைத்திருக்கிறது. தண்ணீரில் முழுதாகக் கலந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் குடிநீர்க் கிணறுகளிலேயே இது இருந்தது. ஆலைக் கரைப்பான்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. வீட்டுச் சுத்திகரிப்புப் பொருட்களில் 2022 இறுதியிலிருந்து 10 லட்சத்தில் 2 பங்கு, 2023 இறுதியிலிருந்து 1 பங்கு. அதற்கு மேல் கூடாது.

இத்தனைக்கும், தயாரிப்பின்போதே வெற்றிட முறையில் இதைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துவிட முடியும்.