கடைமடைக் கசடு

2022 ஆனி மாதம். மாங்கனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், காரைக்காலில் வாந்திபேதி என்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சிலருக்குக் காலரா என்று உறுதியானது. ஜூலை 3ஆம் தேதி பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்றார்கள்.

எப்படிக் கலக்கும்? நம் சிற்றூர்களில் வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் பெரும்பாலும் சாக்கடையைக் கடந்தோ, சாக்கடைக்குள்ளேயோதான் வரும். தண்ணீர் வரும் ஒன்றிரண்டு மணி நேரம் குழாயில் அழுத்தம் இருக்கும்; விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்தியதும் கதை மாறும். காலியான குழாய் அதே விரிசல் வழியாகச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான்.

சாக்கடைக்கு மலக்கழிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் செப்டிக் டேங்கில் போய் நிற்போம். அது ஒரு பிரெஞ்சுச் சரக்கு. ழான் லூயி மூரா என்பவர் பிரான்சில் தன் வீட்டுக்குக் கட்டி, 1881இல் காப்புரிமை வாங்கியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு ஏதோ விட்ட குறை தொட்ட குறை போலும்! தொட்டி கசடை அடியில் தங்கவைக்கும். மேலே நிற்கும் நீர் உறிஞ்சுகுழி வழியே மண்ணில் இறங்கி வடிகட்டப்பட வேண்டும். ஆனால் இது காவிரியின் கடைமடை. அரசலாறு கடலில் கலக்கும் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வரும் மண்ணில், குழி எதை உறிஞ்சும்? மண் வாங்காத நீருக்கு வாசல் சாக்கடைதான் வழி. அதனால்தான் பலர் தொட்டியிலிருந்து நேராகவே ஒரு பைப்பைச் சாக்கடைக்கு இழுத்துவிடுகிறார்கள். சட்டப்படி தப்பு, ஆனால் மழைக்காலத்தில் கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வரும் வீட்டில் இருப்பவரிடம் சட்டம் பேசிப் பாருங்கள்.

பாதாளச் சாக்கடை போட்டால் தீர்ந்துவிடும் என்பார்கள். மேசைபோல் தட்டையான நிலத்தில் கழிவுநீர் தானாக ஓடாது; அங்கங்கே பம்ப் வைத்துத் தள்ள வேண்டும், கரன்ட் போனால் அங்கேயே நிற்கும். சின்ன ஊருக்குச் சின்ன வழி ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் (வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வேறு) மலக்கசடைச் சுத்திகரிக்கவே ஒரு நிலையம் இருக்கிறது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர். பக்கத்து மதுராந்தகத்துக் கசடும் அங்கேதான் வருகிறது. லாரி கொண்டுவந்து கொட்டுவதை மணலும் ஜல்லியும் பரப்பிய பாத்திகள் வாங்கிக்கொள்கின்றன. நீர் அடியில் வடிந்து தனியே சுத்திகரிப்புக்குப் போகிறது; மேலே தங்கியது வெயிலில் காய்ந்து, கோடையில் பாளம் வெடித்த வயல்போல ஆகிவிடுகிறது. மண்வெட்டியால் வாரி எடுத்துப் பக்குவப்படுத்தினால் எரு.

இப்படி ஒரு நிலையம் காரைக்காலுக்கும் ஒத்துவருமா? மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். திருநள்ளாறோ நெடுங்காடோ திருமலைராயன்பட்டினமோ, எங்கே லாரி கிளம்பினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது சிரமமில்லை. ஆனால் வெள்ளம் ஏறாத மேட்டு நிலம் வேண்டும். அதைவிட, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைத் திறக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பல வீடுகளில் தொட்டி மூடிமேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் பைக் நிற்கிறது.