சூரியனில் கொதிக்கும் இரும்பு

கோவில்பட்டிச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சிகள் கலகலவென்று காயும். இந்த வெயிலை அனுப்பும் சூரியனின் மேற்பரப்பில் உஷ்ணம் சுமார் 5,500 டிகிரிதான். அதற்கு மேலே சூழ்ந்திருக்கும் 'கொரோனா' என்ற மெல்லிய வாயுவிலோ பத்து லட்சம் டிகிரிக்கும் அதிகம்! அடுப்பைவிட அதிலிருந்து எழும் புகை அதிகமாகச் சுட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதைக் காட்டிக் கொடுத்தது இரும்பு. 1869-ம் வருஷத்துப் பூரண கிரகணத்தின்போது, அமெரிக்காவில் கொரோனாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். தெரிந்த எந்தப் பொருளோடும் அது ஒத்துவரவில்லை. 'கொரோனியம்' என்று புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள்! எழுபது வருஷம் கழித்து, கிரோட்ரியன் காட்டிய வழியில் சென்ற எட்லன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி குட்டை உடைத்தார். அது நம் கலப்பைக் கொழுவில் இருக்கும் இரும்பேதான்; தன்னுடைய 26 எலக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு.

சரி, எக்ஸ்ரே எங்கிருந்து வருகிறது? பக்கத்துச் சிவகாசியின் மத்தாப்பைப் பாருங்கள். பேரியம் உப்பு பச்சையாக எரிகிறது. சூட்டில் எலக்ட்ரான் ஒரு படி ஏறுகிறது. இறங்கும்போது விட்டுவிடும் சக்திதான் அந்தப் பச்சை. சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தால் உஷ்ணம் கோடி டிகிரியைத் தாண்டும். அப்போது இரும்பிடம் இரண்டே இரண்டு எலக்ட்ரான்கள்தான் மிஞ்சும். அணுவின் கரு அவற்றை உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கும். வெளியே தறிகெட்டு ஓடும் எலக்ட்ரான் ஒன்று வந்து மோதினால், உள்ளே இருப்பது மேலே எகிறித் திரும்ப விழுகிறது. சில சமயம் ஓடிவந்ததே சிக்கிக்கொண்டு உள்ளே விழுவதும் உண்டு. இது படியல்ல, கரிசல் காட்டுக் கிணறு! அந்த ஆழத்துக்கு விழும்போது பிறப்பதுதான் எக்ஸ்ரே. மத்தாப்பின் பச்சை ஒளித்துணுக்கைவிட ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு சக்தி அதற்கு.

நல்ல வேளை, நம் தலைமேல் அது விழுவதில்லை. காற்று மண்டலம் குடித்துவிடுகிறது. ஆகவே பார்க்க வேண்டுமானால் வானத்துக்குத்தான் போக வேண்டும். 2023 செப்டம்பர் 2-ந் தேதி புறப்பட்ட 'ஆதித்யா-எல்1', 2024 ஜனவரி 6-ந் தேதி, பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தன் இடத்தை அடைந்தது. அதன் ஏழு கருவிகளில் இரண்டு எக்ஸ்ரேயை அளப்பதற்கென்றே இருக்கின்றன. திட்டத்தை நடத்தியவர் யார் தெரியுமா? நம் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நிகார் ஷாஜி அவர்கள்!

சூரிய வெடிப்பின் எக்ஸ்ரே எட்டு நிமிஷத்தில் வந்துவிடும். கூடவே கிளம்பும் மின்துகள் புயல் பூமியை எட்டப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் செயற்கைக் கோள்களைப் பத்திரப்படுத்தியாக வேண்டும்.