வடக்கே ஒரு வழி – 6: குடியம் குன்றிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகமாகவே திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் அதை அறிவார்கள். அதே ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் பூண்டி நீர்த்தேக்கம். அதையடுத்து அல்லிக்குழி மலை, அதற்குள் குடியம் குகைகள். உயரம் 400 மீட்டரை எட்டாது. ஆனாலும் வடசென்னை ராயபுரத்தில் விடியுமுன் வண்டி எடுப்பவருக்குப் பனிமூட்டத்தோடு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் மலை இது.

மார்கழியும் தையும் இந்தப் பனிமூட்டத்துக்கான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணில் ஈரம் நிற்கும், ஏரி நிறைந்திருக்கும். மேகமில்லாத நீண்ட இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துபோக, அதையொட்டிய காற்றின் ஈரம் மூட்டமாகத் திரள்கிறது. கடலின் வெதுவெதுப்பு கரையோரத்தில் இதை மெலிய வைத்துவிடும். மலையடிவாரத்தில் அப்படியில்லை. முன்னால் நடப்பவரின் குரல்தான் வழிகாட்டும். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும்.

பாதை முட்புதர்க் காட்டின் வழியே போகிறது. காலடியில் உருளும் கூழாங்கற்கள் பனியில் நனைந்து வழுக்கும். அவற்றில் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். குவார்ட்சைட் வகை, உருண்டு வழவழத்த கல். குகைச் சுவரும் இதே கற்கள் மணலோடு இறுகி உண்டானதுதான். பாதி புதைந்தும் பாதி துருத்தியும் நிற்கின்றன. ஆதி மனிதர் கைக்கோடரி செய்தது இந்தக் கல்லில். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர். தலைக்குமேல் பாறைக்கூரையில் தேனடைகள் தொங்குகின்றன. அங்கே சத்தமும் புகையும் ஆபத்து. மலையேறியவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024இல் வனத்துறை அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் குடியமும் ஒன்று; முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும்.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு ஆற்றோரச் சாலைகளில் வருவது நல்லது. 1944இல் கட்டி முடிந்த பூண்டி அணை, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, காரனோடைப் பாலம், சீமாவரம், வல்லூர் என்று ஆறு கூடவே வரும். தை மாதத்தில் சம்பா வயல்கள் முற்றியிருக்கும். மீஞ்சூரை நெருங்க நிலம் மாறுகிறது. பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் இங்கே கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அத்திப்பட்டுக்கு அப்பால் புகைபோக்கிகள், மின்கம்பிகள், கன்டெய்னர் லாரிகள்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்து மீனவர் பிழைப்பு முடங்கியது. பூண்டியில் குடிநீர் என்று காக்கப்படும் ஆற்றுக்கு எண்ணூரிலும் அதே காவல் வேண்டும்.